வாழைப்பழக் காட்சியும் பெயர் உதிர்ந்த கலைஞர்களும்

தமிழ்த் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, அந்த வேலையைச் சினிமாவின் 'காமெடி டிராக்' செய்துகொண்டிருந்தது. வாரம் ஒரு கதையாக, அதே குணம் கொண்ட அதே மனிதர்கள் புதிய சிக்கலில் மாட்டிக்கொள்வதுதான் சிட்காமின் இலக்கணம். கவுண்டமணியும் செந்திலும் செய்ததும் அதுவே. படம் மாறும், ஊர் மாறும், தொழில் மாறும். ஒருவர் எரிந்து விழுவதும், மற்றவர் அசையாமல் நின்று பதில் சொல்வதும் மட்டும் மாறாது. சைக்கிள் கடை, கரகாட்டக் குழு, பண்ணையார் வீடு என்று களத்தை மாற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாடு பார்த்த நெடுந்தொடர் அது. பிற்பாடு தொலைக்காட்சி அந்தக் காட்சிகளைப் படத்திலிருந்து வெட்டியெடுத்துத் தனித்தனி எபிசோடுகளாகவே ஓட்டியது.

அந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற எபிசோடு எது என்று கேட்டால், கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்தில் நிற்பவரும் சரி, கோலாலம்பூர்த் தமிழரும் சரி, வாழைப்பழக் காட்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் வெகு சிலர். காட்சி வாழ்கிறது, அதை உண்டாக்கியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. இது எப்படி நடந்தது, இதைச் சரிசெய்ய முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கொங்கு மண்ணும் நகைச்சுவைக் காட்சியும்

தனி நகைச்சுவைப் பகுதி என்பது 1980களில் பிறந்ததல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் கதாநாயகனின் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்துக்கொண்ட காலத்திலிருந்தே அது வருகிறது. ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' (1959) படத்தில் எழுத்தாளர் பைரவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு கே.ஏ. தங்கவேலு மனைவியிடம் மாட்டிக்கொள்ளும் காட்சிகளைத் தனியே எடுத்து ஓட்டினாலும் முழுமையாக இருக்கும். அதே இயக்குநரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ். பாலையா நடுங்கியபடி கேட்கும் காட்சியும் அப்படியே. சித்ராலயா கோபுவின் பேனா அதில் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் களமாக இருந்தது பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு. தமிழ் நகைச்சுவையின் சிகரம் என்று கொண்டாடப்படும் அந்தப் படத்துக்குக் கொங்கு மண்ணோடு உறவு இருக்கிறது என்பது இங்குள்ளவர்களிலேயே பலருக்கு நினைவில்லை.

கோவைக்குச் சினிமா புதிதில்லை. சென்னைக்கு இணையாக இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கின. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி' (1947) கோவையில் உருவான படம். 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவின் படம். ஸ்டூடியோக்களின் காலம் முடிந்து, கேமரா கிராமத்துக்கு இறங்கிய 1970களின் கடைசியில் இந்த வட்டாரத்துக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. அப்போதுதான் கோபிசெட்டிபாளையத்துக்கு 'மினி கோடம்பாக்கம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

காரணம் இயற்கை அழகு மட்டுமல்ல, கணக்கும்தான். பவானி ஆறு, கொடிவேரி அணை, அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், அவற்றின் கரையெல்லாம் நெல்லும் கரும்பும் வாழையும், பச்சைமலை, பவளமலைக் கோயில்கள், பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மன் கோயில், ஓட்டு வீடுகள், திண்ணைகள் என எல்லாம் சிறு சுற்றளவுக்குள் கிடைக்கின்றன. ஒரு கால்ஷீட்டில் காலையில் ஆற்றங்கரையையும் மதியம் வயல் வரப்பையும் மாலையில் கோயில் வாசலையும் எடுத்துவிடலாம். நாள் கணக்கில் செலவு ஏறும் தொழிலில் இது பெரிய லாபம். கதாநாயகனின் தேதி வேறு, நகைச்சுவை நடிகர்களின் தேதி வேறு என்பதால் காமெடி டிராக்கைப் பெரும்பாலும் தனியாக, சில நாட்களில் முடிப்பார்கள். ஒரு மரத்தடி, ஒரு பெட்டிக்கடை, ஒரு திண்ணை இருந்தால் போதும். கிராமத்தில் எடுக்கப்பட்ட காமெடி அதிகம் பேச்சையே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளாங்கோயிலும் வல்லகுண்டபுரமும்

கோபிக்கு அருகே உள்ள வெள்ளாங்கோயிலில் 1953இல் பிறந்தவர் கே. பாக்யராஜ். உடுமலைப்பேட்டைக்கு அருகே வல்லகுண்டபுரத்தில் 1939இல் பிறந்தவர் சுப்பிரமணி என்ற கவுண்டமணி. இருவரும் பாரதிராஜாவின் முகாமில் பணியாற்றியவர்கள். '16 வயதினிலே' (1977) படத்தில் பாக்யராஜ் உதவி இயக்குநர். ரஜினிகாந்த் நடித்த பரட்டையின் கூட்டாளியாகக் கவுண்டமணி.

அதற்கு முன் கவுண்டமணி கடந்து வந்த தூரத்தைக் கவனிக்க வேண்டும். நாடக மேடையில் வளர்ந்த அவர் 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் அடையாளமே தெரியாத ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டினார். பேர் சொல்லும் வேடம் 1977இல்தான் வந்தது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். கவுண்டமணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாக்யராஜ் இயக்குநரான முதல் படம் 'சுவரில்லாத சித்திரங்கள்' (1979). அதிலும் கவுண்டமணிக்கு இடம் இருந்தது.

பாக்யராஜ் நகைச்சுவையைத் தனிப் பகுதியாக வைக்காமல் கதைக்குள்ளேயே கரைத்தவர். ஏவி.எம். தயாரித்த 'முந்தானை முடிச்சு' (1983) அதற்குச் சான்று. கைக்குழந்தையோடு கிராமத்துக்கு வரும் வாத்தியார், அவரை மணக்கப் பொய்ச் சத்தியம் செய்யும் பரிமளம், அவளோடு திரியும் சிறுவர் கூட்டம் என்று படம் முழுக்கத் துணைப் பாத்திரங்களால் நிறைந்தது. அந்தச் சிறுவர்களில் ஒருவர் சிட்டிபாபு. படத்தில் வந்த 'தவக்களை' என்ற பெயர்தான் 2017இல் இறக்கும் வரை அவருடைய பெயராக இருந்தது. ஒரு வேடம் ஒரு மனிதரின் பெயரையே எடுத்துக்கொண்டது. நகைச்சுவைத் துணை நடிகர்களின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடப்பது.

காட்சியை அருகிலிருந்து பார்த்தால்

கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' 1989 ஜூனில் வெளியானது. ராமராஜன், கனகா நடிப்பு, இளையராஜா இசை. மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடிய படம். கவுண்டமணியும் செந்திலும் அதில் கரகாட்டக் குழுவின் வாத்தியக்காரர்கள்.

காட்சி இவ்வளவுதான். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றோடு வருகிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்க, அந்த இன்னொன்றுதான் இது என்கிறார் செந்தில்.

இந்த வாக்கியத்தின் நுட்பம், அது பொய்யில்லை என்பதில் இருக்கிறது. இரண்டு பழங்களில் எதை முதலாவது என்று வைத்தாலும் மிச்சமுள்ளது 'இன்னொன்று'தான். கேள்வி கேட்டவரின் மனத்தில் கையில் இருப்பது முதல் பழம். பதில் சொன்னவரின் கணக்கில் வயிற்றில் இருப்பது முதல் பழம். இருவரும் சரி. அதனால்தான் கவுண்டமணியால் அந்தப் பதிலை மறுக்கவே முடிவதில்லை. மறுக்க முடியாததால் கோபம் ஏறுகிறது. பொறுமையாக முதலிலிருந்து கேட்கிறார். ஒவ்வொரு படியிலும் செந்தில் ஒப்புக்கொள்கிறார். கடைசிப் படியில் அதே பதில். பார்ப்பவருக்கு உண்மை தெரியும், கவுண்டமணிக்கும் தெரியும், செந்திலுக்கும் தெரியும். தெரிந்த உண்மையை மொழியால் பிடிக்க முடியவில்லை என்பதே வேடிக்கை.

நடிப்பைப் பாருங்கள். செந்தில் சிரிப்பதில்லை, கண்ணைக் கூடச் சிமிட்டுவதில்லை. குரல் ஏறுவதே இல்லை. 'அண்ணே' என்ற மரியாதையைக் கடைசி வரை விடுவதில்லை. கவுண்டமணியின் குரலோ முதலில் தணிந்து, கொஞ்சிக் கேட்டு, பிறகு படிப்படியாக உயர்ந்து அடியில் முடிகிறது. ஒருவர் அசையாமல் இருப்பதால்தான் மற்றவரின் ஆட்டம் தெரிகிறது. இதைச் செய்ய நாடக மேடை வேண்டும். எதிரே நிற்பவரின் மூச்சு எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்களால்தான் இந்தக் கேள்வி பதிலை இத்தனை முறை திருப்பிச் சொல்லியும் அலுக்காமல் வைத்திருக்க முடியும்.

அமெரிக்காவில் அபாட், காஸ்டெல்லோ என்ற இரட்டையர் இதே வகையில் பெயர் பெற்றவர்கள். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயர்களே 'யார்', 'என்ன' என்று இருப்பதால் கேள்வியும் பதிலும் முட்டிக்கொள்ளும் அவர்களுடைய பேச்சு 1938இல் வானொலியில் வந்து நாடு முழுக்கப் பரவியது. அதுவும் மேடையில் தீட்டப்பட்டது. அதிலும் ஒருவர் நிதானம், மற்றவர் வெடிப்பு. ஆனால் அங்கே கேள்வி கேட்டுக் குழம்புகிறவர் அப்பாவி. நம் காட்சியில் பதில் சொல்கிறவர்தான் அப்பாவி வேடம் போடும் கெட்டிக்காரர். அடி வாங்குகிறவரே ஜெயிக்கிறார். ஊருக்கு ஊர் போய் வாசித்துப் பிழைக்கும் இரு ஏழைக் கலைஞர்களில் ஒரு படி மேலே இருப்பவரின் அதிகாரத்தை, ஒரு படி கீழே இருப்பவர் ஒற்றை வார்த்தையால் கவிழ்க்கிறார். கிராமத்து மக்கள் அதைத் தங்கள் காட்சியாக எடுத்துக்கொண்டதற்கு இதுதான் அடிப்படை.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கிக்காரர்கள் பட வசனக் கேசட்டுகளைப் போட்ட காலம் அது. ஆர். சுந்தர்ராஜனின் 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்துப் பெட்ரோமாக்ஸ் காட்சியை ரசிக்க, செந்திலின் கையில் மேண்டில் உதிர்வதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். வாழைப்பழக் காட்சிக்குக் காது போதும். வயலில் வேலை செய்தபடியே கேட்டவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஜோடியின் காமெடியில் உருவத்தையும் நிறத்தையும் பழிக்கும் வசவுகள் ஏராளம். பெண்களைக் கேலிப் பொருளாக்கும் இடங்களும் குறைவில்லை. அவற்றை இன்று பார்க்கக் கூசுகிறது. வாழைப்பழக் காட்சியின் சிரிப்பு யாருடைய உடலிலும் தொங்கவில்லை, தர்க்கத்தில் தொங்குகிறது. அது மற்றவற்றைவிட நீண்டு வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு வாழ்க்கைகள்

செந்தில் கொங்கு நாட்டுக்காரர் அல்லர். ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர். சிறு வயதில் வீட்டை விட்டு வெளியேறி, எண்ணெய்க் கடையிலும் மதுக்கடையிலும் வேலை பார்த்து, நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். 'மலையூர் மம்பட்டியான்' (1983) அவரைக் கவனிக்க வைத்தது. ஜோடி பிரிந்த பிறகு அவருக்கான வேடங்கள் சுருங்கின. ஆனால் 'தானா சேர்ந்த கூட்டம்' (2018), 'லால் சலாம்' (2024) போன்ற படங்களில் அடிவாங்காத, வசவு வாங்காத செந்திலைப் பார்க்க முடிந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே வார்ப்பில் வைக்கப்பட்டிருந்த நடிகர் அவர் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

கவுண்டமணிக்கு 'மன்னன்' (1992), 'உள்ளத்தை அள்ளித்தா' (1996), 'இந்தியன்' (1996) எனக் கதாநாயகனுக்கு ஈடாக நிற்கும் இடங்கள் கிடைத்தன. எழுபது வயதைக் கடந்து '49-ஓ' (2015) படத்தில் விவசாய நிலத்துக்காகப் பேசும் முதியவராக, கதையைத் தாங்கும் வேடத்தில் வந்தார். 2025இல் 'ஒத்த ஓட்டு முத்தையா' வெளியானபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. பேட்டிகளையும் விழாக்களையும் பெரும்பாலும் தவிர்த்தவர் என்பதால், அவருடைய கலையைப் பற்றி அவர் வாயால் பதிவானது மிகக் குறைவு.

அதே கரகாட்டக் குழுவில் இருந்தவர் கோவை சரளா. 'வெள்ளி ரதம்' (1979) முதல் படம். 'முந்தானை முடிச்சு' படத்தில், வயதுக்கு மீறிய கர்ப்பிணி வேடம். 'சின்ன வீடு' (1985) படத்தில் பாக்யராஜுக்கே தாய். சிரிக்க வைக்கும் பெண் என்றால் வயதுக்குப் பொருந்தாத வேடம்தான் என்ற வழக்கத்துக்குள் தொடங்கிய வாழ்க்கை அது. பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) அதை மாற்றியது. கமல்ஹாசனுக்கு ஜோடியாக, கொங்குத் தமிழை அதன் இழுவையோடும் மரியாதையோடும் பேசி, கேலிக்குரிய மனைவியாக இல்லாமல் கெட்டிக்கார மனைவியாக நின்றார். 'செம்பி' (2022) படத்தில் பேத்திக்காகப் போராடும் மலைவாழ் மூதாட்டியாகச் சிரிப்புக்கு இடமே இல்லாத முதன்மை வேடம். முதல் படத்துக்கும் இதற்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

நான்காமவர் ஜூனியர் பாலையா. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பேய்க்கதை கேட்டு நடுங்கிய டி.எஸ். பாலையாவின் மகன். 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் தொடங்கி, 'கரகாட்டக்காரன்', பாக்யராஜின் 'சுந்தர காண்டம்' (1992) வழியாக 'சாட்டை' (2012) வரை வந்தார். 2023 நவம்பரில் காலமானார். ரகு என்ற இயற்பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தந்தையின் பெயரே கடைசி வரை அவருடைய முகவரி.

எழுதியவர் எங்கே?

வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன். தாமே நகைச்சுவை நடிகர். 'தெய்வீக ராகங்கள்' (1980) என்ற படத்தை இயக்கியவர். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் சைக்கிள் கடை அழகுராஜா முதல் 'கரகாட்டக்காரன்' வரை கவுண்டமணி–செந்தில் ஜோடியின் குணச்சித்திரத்தைத் தாளில் வடித்ததில் பெரும் பங்கு அவருடையது. இயக்குநர் கதையைப் பார்த்துக்கொள்வார், காமெடியை வீரப்பன் பார்த்துக்கொள்வார் என்பதே அன்றைய ஏற்பாடு. டைட்டிலில் ஒரு வரி, கையில் ஒரு தொகை, அத்தோடு சரி.

அவருடைய சொற்கள் பிறகு என்ன ஆயின? 'ஆல் இன் ஆல் அழகுராஜா' 2013இல் ஒரு படத்துக்குத் தலைப்பானது. 'கரகாட்டக்காரன்' படத்துப் பழைய காரைப் பற்றிய பேச்சில் வரும் 'சொப்பன சுந்தரி' 2023இல் இன்னொரு படத்துக்குத் தலைப்பானது. 1993இல் சன் டி.வி. வந்தது, அதைத் தொடர்ந்து ஆதித்யா, சிரிப்பொலி என்று இருபத்து நான்கு மணி நேர நகைச்சுவை அலைவரிசைகள் வந்தன. காட்சி வெட்டப்பட்டபோது முதலில் போனது டைட்டில் கார்டு. எழுத்தாளர் பெயர் போனது, இயக்குநர் பெயர் போனது, ஓரத்தில் நின்ற துணை நடிகரின் பெயர் எப்போதுமே இருந்ததில்லை. இப்போது கைப்பேசியில் அரை நிமிடத் துண்டுகளாகச் சுற்றும்போது படத்தின் பெயரும் போய்விட்டது.

அமெரிக்காவில் 1960இல் திரை நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, படங்கள் தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பாகும்போது நடிகர்களுக்குப் பங்கு தரும் முறையைப் பெற்றது. அதற்கு முந்தைய படங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. மாற்றாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குத் தொகை வாங்கினார்கள். அங்கே ஒரு சிட்காமின் பக்கத்து வீட்டுக்காரராக நடித்தவருக்கும் மறு ஒளிபரப்பில் ஒரு காசோலை வரும்.

நம் சட்டம் தாமதமாகத்தான் திரும்பியது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் உரிய ஆசிரியர், திரையரங்குக்கு வெளியே அவை பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்றது. நடிகர்களுக்கும், தங்கள் நடிப்பு வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி உண்டு என்றது. அதைவிட முக்கியமானது, நடித்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் தார்மிக உரிமையையும் முதன்முறையாகக் கலைஞர்களுக்குத் தந்தது. ஆனால் 1984இலும் 1989இலும் போட்ட ஒப்பந்தங்கள் அந்தத் திருத்தத்துக்கு முந்தியவை. இந்த நெடுந்தொடரின் பொற்காலம் சட்டத்தின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது.

செய்யக்கூடியவை

பணத்தைத் திருப்பித் தர முடியாமல் போகலாம். பெயரைத் திருப்பித் தர முடியும். அலைவரிசைகள் ஒவ்வொரு காட்சியின் அடியிலும் படம், ஆண்டு, இயக்குநர், நகைச்சுவை எழுதியவர், நடித்தவர்கள் என்று ஒரு வரி ஓடவிடுவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. பாட்டுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர் போடும் பழக்கம் இருக்கும்போது காமெடிக்கு ஏன் கூடாது? துண்டுக் காட்சிகளைப் பகிரும் ரசிகர்களும் அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்.

கோபிக்காரர்களான நமக்குத் தனிக் கடமை ஒன்று உண்டு. இங்கே படம் எடுத்த காலத்தில் யூனிட்டுக்குச் சமைத்தவர்கள், வீட்டையும் மாட்டு வண்டியையும் வாடகைக்கு விட்டவர்கள், ஊர்க் கூட்டமாக நின்றவர்கள், ஒற்றை வசனம் பேசிப் பேட்டா வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுபது, எழுபது வயது ஆகிவிட்டது. எந்தப் படம், எந்தத் தோட்டம், எந்தத் திண்ணை, யார் நடித்தார்கள் என்ற பட்டியல் எந்த நூலகத்திலும் இல்லை. அவர்களின் நினைவில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் நூலக வாசகர் வட்டங்களும் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்கினால், கைப்பேசி ஒலிப்பதிவு ஒன்றே போதும், நம்பகமான ஆவணம் உருவாகிவிடும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள்.